ஊசியின் வேலை முடிந்த பிறகு

இரத்தப் பரிசோதனைக்காகக் கையை நீட்டும்போது நம் கவனம் முழுவதும் ஊசி உள்ளே செல்லும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கும். ஊசி வெளியே வந்ததும், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முடிவு எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். நோயாளியைப் பொறுத்தவரை ஊசியின் வேலை அத்துடன் முடிந்தது. அதனை அப்புறப்படுத்துவோருக்கோ ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. அந்த ஆபத்தை ஆய்வகம் எவ்வாறு தடுக்கிறது என்பதையும், வீட்டில் ஊசி பயன்படுத்துவோர் அதிலிருந்து கற்க வேண்டியது என்ன என்பதையும் இங்கே காண்போம்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பயன்படுத்திய ஊசியின் உட்குழலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் எஞ்சியிருக்கும். அதில் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் இருக்கக்கூடும். ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாட்கள் வீரியத்துடன் இருக்க வல்லது. அக்கிருமி கலந்த ஊசி, தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஒருவரைக் குத்தினால், தொற்று ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை உண்டு. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 ஆகும்.

யாருடைய இரத்தத்தில் எந்தக் கிருமி இருக்கிறது என்பதைப் பார்வையால் அறிய இயலாது. ஆகவே ஆய்வகப் பணியாளர்கள் எல்லா மாதிரிகளையும் ஒரே எச்சரிக்கையுடன் கையாளுகின்றனர். அவர்கள் கையுறை அணிந்து உங்கள் அருகில் வருவது உங்கள் மீதுள்ள ஐயத்தால் அன்று; அனைவருக்கும் பொதுவான நெறி அது.

ஊசியை மீண்டும் மூடியிட்டு மூடுவதும் கூடாது. ஒரு கையில் ஊசி, மறு கையில் மூடி என்றிருக்கும்போது குறி சற்றே தவறினாலும் விரலில் குத்திவிடும். உதவும் எண்ணத்துடன் மூடியை எடுத்து நீட்டும் உறவினர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

நான்கு நிறங்களின் பொருள்

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவக் கழிவுகளை நான்கு நிறங்களில் பிரிக்கச் சொல்கின்றன.

மஞ்சள்: இரத்தம் படிந்த பஞ்சு, கட்டுத்துணி, காலாவதியான மருந்து முதலியவை. இவை பெரும்பாலும் உரிய உலையில் எரிக்கப்படும்.

சிவப்பு: மருந்தேற்றும் குழாய், சிறுநீர்ப் பை, கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு. இவை தொற்று நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குச் செல்லும்.

வெள்ளை: ஊசி, பிளேடு போன்ற கூர்மையான பொருள்கள். எளிதில் துளைபடாத பெட்டியில் மட்டுமே இவற்றை இட வேண்டும்.

நீலம்: மருந்துக் குப்பி முதலிய கண்ணாடிப் பொருள்கள்.

இரத்த மாதிரிகளும், கிருமி வளர்க்கப்பட்ட தட்டுகளும் ஆய்வகம் உள்ள இடத்திலேயே தொற்று நீக்கப்பட்ட பின்னரே வெளியே அனுப்பப்பட வேண்டும். இதற்கு ஆட்டோகிளேவ் என்னும் கருவி உதவுகிறது. வீட்டுப் பிரஷர் குக்கரைப் போன்று, அழுத்தத்தில் அடைபட்ட நீராவியால் 121 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் கிருமிகளை இது அழிக்கிறது. சுத்திகரிக்கப்படாத கழிவைப் பொதுவாக 48 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

ஒரு தொட்டியில் சேர வேண்டியது மற்றொன்றில் சேர்ந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் சீர்குலையும். சிவப்புக்குரிய பிளாஸ்டிக் மஞ்சளில் விழுந்து எரிந்தால் நச்சுப்புகை எழக்கூடும். பழத்தோலோ உணவுப் பொட்டலமோ மஞ்சளில் விழுந்தால் அதுவும் தொற்றுக் கழிவாகிவிடும். எனவே வார்டில் உணவுக் கழிவைப் பொதுக் குப்பைத் தொட்டியில் மட்டுமே போடுங்கள். இரத்தம் எடுத்த இடத்தில் அழுத்திய பஞ்சை நடைவழியிலோ பூந்தொட்டியிலோ போடாமல், மஞ்சள் தொட்டியில் இடுங்கள்.

உங்கள் வீட்டில்

மருத்துவமனையில் இத்தனை காவல்கள் உண்டு. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்வோர், விரல்நுனியில் குத்திச் சர்க்கரை அளவு பார்ப்போர் ஆகியோரின் ஊசிகளுக்கு அத்தகைய காவல் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்ட ஊசி, அந்தப் பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளரின் கையையோ காலையோ குத்தும். அந்த ஊசி யாருடையது என்பதைக் கூட அவரால் அறிய இயலாது. இதனைத் தவிர்க்கப் பின்வருமாறு செய்யலாம்:

1. திருகுமூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை ஊசிக்கென ஒதுக்குங்கள். துணி துவைக்கும் திரவம் வந்த புட்டி ஏற்றது. மெல்லிய தண்ணீர்ப் பாட்டில் ஏற்றதன்று.

2. பயன்படுத்தியவுடன் ஊசியை அதில் இடுங்கள். வளைக்கவோ உடைக்கவோ முயல வேண்டாம்.

3. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் டப்பாவை வையுங்கள்.

4. முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, ஒட்டுநாடா சுற்றி, “ஊசிகள், திறக்க வேண்டாம்” என்று பெரிதாக எழுதுங்கள்.

5. அதனை எங்கே ஒப்படைப்பது என்பதை உங்கள் செவிலியரிடமோ உள்ளாட்சித் தூய்மைப் பிரிவிலோ கேட்டறியுங்கள். பயன்படுத்திய ஊசிகளும் சிரிஞ்சுகளும் வீட்டு அபாயக் கழிவு என்றே 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. மற்ற குப்பையுடன் அவற்றைக் கலக்கக் கூடாது.

ஊசி குத்திவிட்டால்

பிறர் பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைத்து உறிஞ்சவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால், இயன்றவரை முதல் 2 மணி நேரத்திற்குள்ளும், எவ்வாறாயினும் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கப்பட வேண்டும்; அதனை 28 நாட்கள் உட்கொள்ள வேண்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி நோய்க்கும் தடுப்பு வழி உண்டு. அச்சத்தாலோ கூச்சத்தாலோ ஒரு நாளைக் கடத்துவது இந்த வாய்ப்பைக் குறைத்துவிடும்.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் ஊசிகள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். பையில் இருந்தால், அந்தப் பைக்குள் கையை விடாமல், பையோடு சேர்த்து ஒரு கெட்டியான டப்பாவிற்குள் வைத்து மூடிவிடுங்கள்.