கடைக்காரர் அடித்த காசு

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால டோக்கன்களை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய், சந்தோஷம். ஆனால் "எல்லாம் கள்ளக் காசுதானே" என்றும் எழுதிவிட்டாய். அதை விடமாட்டேன்.

கள்ளக் காசு அடித்தவன் தன் பெயரை அதில் போடுவானா? இவற்றில் பல, கடைக்காரர் பெயரும் ஊரும் பொறித்தே புழங்கியவை. சில மட்டும் இறகு சூடிய தலையோடு அரசின் சென்ட் போலவே இருக்கும். அவற்றைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார். பலவற்றில் 'ஒன் சென்ட்' என்று பெரிதாக இருக்கும். அதற்கு மேலே பொடி எழுத்தில் 'நாட்', அதாவது 'அல்ல', என்று இருக்கும். சட்டத்துக்குப் பயந்தவர்கள் செய்த வேலை அது.

1862 கோடையில் வெள்ளிக்காசு பதுங்கியது, பின்னாலேயே சென்ட்டும் போய்விட்டது. தபால் தலையைச் சில்லறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பசை கையில் ஒட்டியதுதான் மிச்சம். ஒரு ரொட்டி விற்கக்கூட வழியில்லாத கடைக்காரர் வேறு என்ன செய்வார்?

நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லரைப் பற்றி நீ படித்திருப்பாய். தாடிக்காரத் தலையும் நுரை பொங்கும் பீர்க் கோப்பையுமாகப் பத்து லட்சத்துக்கும் மேல் வெளியிட்டவர். மூன்றாம் அவென்யூ டிராம் கம்பெனி அவற்றைக் கட்டணமாக வாங்கிச் சேர்த்து, மாற்றித் தரக் கேட்டபோது கையை விரித்துவிட்டார். அந்த அடாவடியால்தான் தடைச் சட்டம் வந்தது என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். எனக்கு அது போதவில்லை. 1864 ஏப்ரல் 22 சட்டத்தையே எடுத்துப் படி. தனியார் ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகளைத் தடுத்த அதே சட்டம்தான் 3.11 கிராம் வெண்கலச் சென்ட்டையும் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய சென்ட் நிக்கல் கலந்தது, 4.67 கிராம். மெல்லிய செப்புத் துண்டையும் ஜனங்கள் தயங்காமல் வாங்குவார்கள் என்று அரசுக்குக் காட்டியது யார்? இந்தக் கடைக்காரர்கள்தான். நாணயச்சாலைத் தலைவர் ஜேம்ஸ் பொல்லாக்கே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர்களிடம் பாடம் கற்றுக்கொண்டு, அவர்கள் கடையையே மூடினார்கள்!

வெள்ளியில் அடித்த டோக்கன் கிடைத்தால் மயங்காதே. அச்சு வெட்டியவர்கள் அன்றே சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடித்து விற்றவை அப்படி உண்டு. அவை கல்லாப்பெட்டியைப் பார்த்ததில்லை. தேய்ந்த செப்பை வாங்கு. 1863 என்று போட்டது எளிதில் கிடைக்கும். இந்த டோக்கன்களுக்கான ஃபுல்ட் பட்டியலில் எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடு. புளி போட்டுத் துலக்கிவிடாதே. செப்பில் படிந்த கருமை போனால் திரும்ப வராது.

அன்புடன்,
உன் ஆசிரியர்