உறைக்கு ஒரு வேலை போதும்

காம்பாக்ட் கேமரா வாங்கியவர் அடுத்துத் தேடுவது உறை. கடையில் கேட்டால் முதலில் மேசைமேல் வந்து விழுவது கறுப்பாக, உப்பலாக, ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும் ஒன்று. “இதுல போட்டு வச்சா கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது சார்” என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் சின்னக் கேமராவுக்கு எதிரிகள் மூன்று: விழுவது ஒன்று, தூசும் உரசலும் ஒன்று, ஈரம் ஒன்று. மூன்றையும் ஒரே உறை தடுக்க வேண்டும் என்று தேடினால் அது செங்கல் அளவுக்குப் பெருத்துப் போகும். பெருத்த உறைக்குள் போன கேமரா மெல்ல மெல்ல அலமாரியிலேயே தங்கிவிடும். பல வருடம் சட்டைப்பைக் கேமராக்களோடு புழங்கியதில் எனக்குத் தேறிய முடிவு இது: விழுவதைக் கைப்பட்டை பார்த்துக்கொள்ளட்டும். ஈரத்தை வீட்டில் வைக்கிற இடம் பார்த்துக்கொள்ளட்டும். உறைக்குத் தூசையும் உரசலையும் தடுக்கிற வேலை மட்டும் போதும். இப்படிப் பிரித்துவிட்டால் தேர்வு எளிது, பெரும்பாலும் செலவும் குறைவு.

விழுவதிலிருந்து தொடங்குகிறேன். கெட்டி உறைக்கான வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. 2012-இல் வந்த சோனியின் முதல் ஆர்எக்ஸ்100 பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 240 கிராம். அது 1.2 மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுவதாக வைத்துக்கொள்வோம். அடி எவ்வளவு கடுமை என்பது, எவ்வளவு தூரம் விழுந்தது, எவ்வளவு தூரத்துக்குள் நின்றது என்ற விகிதத்தைப் பொறுத்தது. வெறும் கேமராவின் மூலை அரை மில்லிமீட்டர் நசுங்கி நின்றால், அதிர்ச்சி சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 2,400 மடங்கு. 5 மில்லிமீட்டர் ஃபோம் 3 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் 400 மடங்கு. ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கேமரா எப்போது விழுகிறது? உறையிலிருந்து உருவும்போது, கார்டு மாற்றும்போது, ‘எங்களை ஒரு படம் எடுங்க’ என்று முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கும்போது. அதுவும் லென்ஸ் வெளியே நீண்டிருக்கும் நேரத்தில், அதாவது அடி தாங்கும் சக்தி மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில். அப்போது அந்த 5 மில்லிமீட்டர் ஃபோம் காலியாக இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் மாட்டும் பட்டை, பெரும்பாலும் கேமரா பெட்டிக்குள்ளேயே வருவது, அந்த நேரத்தில் உதவும். ஆகவே உறையில் நான் முதலில் பார்ப்பது அதன் கனத்தை அல்ல, பட்டை வெளியே வர வழி இருக்கிறதா என்பதை. ஜிப்பின் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி போதும். பட்டைக்குள் கையை நுழைத்துவிட்டுப் பிறகு கேமராவை உருவலாம். பட்டையையும் உள்ளே சுருட்டி அடைத்தால்தான் மூடும் என்கிற உறை, விழுவதற்கு நாமே செய்துகொடுக்கும் ஏற்பாடு.

பை முழுசாகக் கீழே விழுந்தால் என்று கேட்கலாம். பஸ்ஸில் மேல்தட்டில் வைத்த பை விழும், ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிய பை விழும். நியாயமான பயம்தான். ஆனால் அந்த அடியைத் தாங்க வேண்டியது பை. உள்ளே துண்டோ மாற்றுச் சட்டையோ இருந்தால் அதற்கு நடுவில் கேமராவை வைத்துவிட்டால் போதும். மடித்த துண்டின் கனத்துக்கு ஈவிஏ என்கிற ஃபோமில் செய்த எந்தக் கெட்டி உறையும் ஈடாகாது. பயணத்தில் சில மணி நேரம் தேவைப்படும் மெத்தையை வருடம் முழுவதும் பாக்கெட்டில் சுமப்பானேன்?

கெட்டி உறைக்குக் கொடுக்கும் இன்னொரு விலை நேரம். ரீகோ ஜிஆர் 3 பொத்தானை அழுத்திய 0.8 வினாடியில் படம் எடுக்கத் தயார் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வேகத்துக்காகவும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதன்பிறகு இரண்டு கையும் தேவைப்படும் சுற்று ஜிப் உறைக்குள் போட்டு, எடுக்க ஐந்தாறு வினாடி ஆக்கிக்கொள்கிறோம். இது புதிய கதையும் இல்லை. ஃபிலிம் காலத்தில் கேமராவோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் தோலுறைக்கு ‘எவர்ரெடி கேஸ்’ என்று பெயர். முன்மூடியைக் கழற்றி, அது லென்ஸின் கீழே நாக்கு மாதிரித் தொங்க, அதை ஒதுக்கிப் படம் எடுப்பதற்குள் காட்சி போய்விடும். படக்காரர்கள் அதை ‘நெவர்ரெடி கேஸ்’ என்று கேலி செய்தார்கள். ஒலிம்பஸின் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைதானி அந்தக் கேலியில் இருந்த உண்மையைக் கேமராவுக்குள்ளேயே கொண்டுவந்தார். 1979-இல் வந்த அவருடைய எக்ஸ்ஏ கேமராவுக்கு லென்ஸ் மூடியும் வேண்டாம், உறையும் வேண்டாம். முகப்பில் ஒரு நகரும் கதவு. தள்ளினால் லென்ஸ் திறக்கும், கேமரா தயாராகும். மூடினால் ஓரங்கள் உருண்ட சோப்புக்கட்டி மாதிரி பாக்கெட்டில் வழுக்கிக்கொண்டு போகும். இன்றைய காம்பாக்ட்டுகளில் லென்ஸ் உள்ளே போனதும் இரண்டு மெல்லிய தகடுகள் கண் இமை மாதிரி மூடிக்கொள்வதும் அதே யோசனைதான். பாதி உறை கேமராவோடேயே வந்துவிடுகிறது. மீதிப் பாதியைத் தேடினால் போதும்.

அந்த மீதிப் பாதி தூசு. இங்கேதான் உறை தன் சம்பளத்தைச் சம்பாதிக்க வேண்டும், இங்கேதான் பல உறைகள் காலை வாருகின்றன. ஆன் செய்யும்போது லென்ஸ் குழல் முன்னால் நீள்கிறது. உள்ளே இடம் பெரிதாகிறது, அதை நிரப்பக் குழலின் இடுக்குகள் வழியாக வெளிக்காற்று போகிறது. ஒவ்வொரு முறை நீளும்போதும் கேமரா ஒரு மூச்சு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழலின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பிசிறும் அந்த மூச்சோடு உள்ளே போய் ஒருநாள் சென்சாரில் உட்கார்ந்துவிடும். லென்ஸ் கழற்றும் கேமராவில் ஊதுகுமிழால் ஊதிவிடலாம். காம்பாக்ட்டில் லென்ஸ் நிரந்தரம், பிரித்துத்தான் துடைக்க வேண்டும், அது மெக்கானிக்கின் வேலை. வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எஃப்/11-இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் மங்கலான கறுப்பு வட்டம் தெரிந்தால் தூசு குடியேறிவிட்டது என்று பொருள். இப்போது உறைக்கு வருவோம். உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று துணி ஒட்டியிருப்பதைப் பார்த்து நாம் மயங்குகிறோம். அந்தப் பஞ்சுதான் பிசிறு உதிர்க்கும். வழுவழுப்பான நைலானோ நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபரோ நல்லது. கடையில் விரலால் உட்புறத்தை நாலு தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், விரலில் மயிரிழை ஒட்டினால் வேண்டாம். வாங்கியபிறகும் உட்புறத்தை வெளியே திருப்பி உதறி, செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். புது உறையில் வெட்டிய துணியின் ஓரத்தூள் நிறைய இருக்கும். அடிமூலைத் தையலை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும், எல்லாம் அங்கேதான் சேரும். மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் நல்லது. உறையே போடாமல் பேன்ட் பாக்கெட்டில் வைப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: கீறலைவிட பாக்கெட்டின் பருத்திப் பிசிறுக்குப் பயப்படுங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட முக்கியம். ‘இறுக்கமா இருந்தாத்தான் ஆடாது’ என்பார்கள். ஆடாதுதான். ஆனால் ஆன் பொத்தான் பெரும்பாலும் மேல்முகத்தில் இருக்கிறது. இறுகிய உறை பையில் அழுத்தப்பட்டால் பொத்தானும் அழுந்தும், மோட்டார் லென்ஸைத் தள்ளும், தள்ள இடம் இருக்காது. உள்ளே இருப்பவை மிகச் சிறிய பற்சக்கரங்கள். ஒன்றிரண்டு தடவை பொறுத்துக்கொள்ளும், பிறகு திரையில் லென்ஸ் கோளாறு என்ற அறிவிப்பு வந்து நிற்கும். அதனால் நீள அகலத்தில் 3 முதல் 5 மில்லிமீட்டர் தாராளம் வேண்டும். கேமராவின் அளவை விவரக்குறிப்பில் பார்த்து நம்பிவிடவும் முடியாது. ஜிஆர் 3-இன் கனம் 33.2 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். புடைப்புகளும் பொத்தான்களும் அதில் சேராது என்று பொடி எழுத்தில் பக்கத்திலேயே இருக்கும். நாமே ஒட்டிய பிடிமானம், டெம்பர்டு கிளாஸ் எல்லாம் சேர்த்து ஸ்கேலால் அளந்துகொள்வதே சரி. உறை விற்பவர் சொல்வது வெளியளவா உள்ளளவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதல் பேட்டரிக்கு அறை இருந்தால் அது தனித் தடுப்போடு லென்ஸ் பக்கம் இருக்கட்டும். திரைப் பக்கம் இருந்தால் பேட்டரியின் மூலை நாள் முழுக்கத் திரையைக் குத்திக்கொண்டிருக்கும்.

ஈரத்துக்கு உறை மருந்து இல்லை, பல சமயம் நோயே அதுதான். அக்ஃபா கிளிக் கேமராவின் தோலுறை பழைய பெட்டியில் கிடக்கும் வீடுகள் இன்னும் உண்டு. திறந்தால் ஒரு புளித்த வாசனை, பித்தளைப் பொத்தானில் பச்சைக் களிம்பு, லென்ஸில் சிலந்திவலை மாதிரி ஃபங்கஸ். அது வளரும் சூழலை ஜெர்மனியின் ட்ஸைஸ் நிறுவனம் இப்படி அடுக்குகிறது: ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் மூன்று நாளுக்கு அதிகம் நீடிப்பது, காற்றோட்டமின்மை, இருட்டு, தின்பதற்குத் துணிப்பிசிறும் எண்ணெய்ப் பிசுக்கும், 10 முதல் 35 டிகிரி வெப்பம். மூடிய உறையொன்றை வர்ணிக்கச் சொன்னாலும் இதைத்தான் சொல்வோம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மழைக்காலத்தில் 70 சதவீதம் என்பது சாதாரண நாள். அதற்குத்தான் ஐபி67 தரத்தில் பெலிக்கன் 1010 மாதிரி அடைப்புப் பெட்டிகள் இருக்கின்றனவே என்றால், படகில் போகும்போது அவை அருமையானவை. ஆனால் தண்ணீர் உள்ளே வராத பெட்டியிலிருந்து ஈரம் வெளியேயும் போகாது. வியர்த்த கையால் பிடித்த கேமராவை உள்ளே பூட்டினால் அந்த ஈரமும் கூடவே பூட்டப்படுகிறது. வீட்டுக்கு வந்ததும் கேமராவை உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது. ஆரஞ்சு மணிகள் பச்சையானால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். உறை கொடியில் காயட்டும். மழைக்கு ஒரு ஜிப்லாக் கவரை மடித்து வைத்திருந்தால் போதும். ஏசி அறையிலிருந்து வெளியே கிளம்பும்போதும் அதே கவர் உதவும். உள்ளேயே கேமராவைப் போட்டு மூடிக்கொண்டு வெளியே வந்தால் பனிப்பது கவரின் மேல்தான்.

உறை செய்பவர்கள் எல்லோரும் உலகமே பெல்ட் கட்டுகிறது என்று நம்புகிறார்கள் போலிருக்கிறது. வேட்டிக்கும் புடவைக்கும் சுடிதாருக்கும் அந்தப் பின்பக்க வளையம் எதற்கு? கைப்பையில் வைப்பவருக்குச் சாவிக்கொத்தும் சில்லறையும் தண்ணீர் பாட்டிலும்தான் பக்கத்து வீடு. அவருக்கு மட்டும் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். முன்பக்கம் மட்டும் ஒரு விறைத்த அட்டை உள்ளே தைத்த உறையாகப் பார்க்கலாம். லென்ஸை மூடும் அந்த இமைத் தகடுகள் சாவி நுனியின் அழுத்தத்தைத் தாங்காது. மற்றபடி பார்க்க வேண்டியது மூடும் முறைதான். உலோக ஜிப்புக்கு உள்பக்கம் துணி மடிப்பு இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் பற்கள் கேமராவை உரசும். வெல்க்ரோ ஒரு கையால் திறக்கும், ஆனால் கச்சேரியில் ஆலாபனை நடுவே ‘பர்ர்ர்’ என்று கிழிக்கும், கொக்கிகளில் பிசிறையும் சேர்த்துவைக்கும். காந்தப் பொத்தான் எனக்குப் பிடித்தது. மெமரி கார்டு அழிந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எஸ்டி கார்டு தகவலைக் காந்தமாகச் சேமிப்பதில்லை, மின்னூட்டமாகச் சேமிக்கிறது. அந்தச் சின்னக் காந்தம் அதை ஒன்றும் செய்யாது.

உறை வாங்கப் போகும்போது கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள், பட்டையை மாட்டிக்கொண்டு. உள்ளே போட்டு, ஒரே கையால் எடுத்து, ஆன் செய்து, திரும்ப வைத்துப் பாருங்கள். சிக்கினால் கடைக்காரர் “பழகப் பழக லூசாயிடும்” என்பார். தோலாக இருந்தால் அவர் சொல்வது நடக்கும். அச்சில் வார்த்த ஈவிஏ ஓடு வாங்கிய அன்று எப்படியோ, கடைசி வரை அப்படியேதான் இருக்கும்.