குழாயை வளைக்கும் கணக்கு

அடுத்த முறை கார் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது கூரையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பிகளைச் சுமக்கும் கண்டியூட் குழாய்கள் தூணையும் உத்திரத்தையும் சுற்றி வளைந்து செல்வதைக் காணலாம். அவை கண்ணளவில் வளைக்கப்பட்டவை அல்ல. மின்பணியாளர்கள் அதற்குப் பயன்படுத்தும் ஐந்து சொற்களை அறிந்துகொள்வோம்.

1. வளைவு ஆரம்: குழாயை வளைக்கும்போது வெளிப்பக்கச் சுவர் நீள்கிறது; உட்பக்கச் சுவர் அமுங்குகிறது. ஆரம் மிகவும் சிறியதானால் உட்பக்கம் மடிந்து நசுங்கிவிடும். இந்த நசுங்கலுக்குக் 'கிங்க்' என்று பெயர். பிவிசி குழாய்க்குள் ஸ்பிரிங்கைச் செருகி வளைப்பது இதைத் தடுக்கத்தான்.

2. ஸ்பிரிங்பேக்: வளைத்த குழாயை விட்டவுடன் அது கொஞ்சம் நிமிரும். பொருளின் மீள்தன்மையே காரணம். ஆகவே 90 பாகை வேண்டுமென்றால் அதற்குச் சற்று மேலே வளைக்க வேண்டும்.

3. ஆப்செட்: குழாய் ஒரு தடையைத் தாண்டி, பழைய திசைக்கு இணையாகவே தொடர்வதற்காகப் போடும் இரட்டை வளைவு. இரண்டும் ஒரே கோணம். திசை மட்டும் எதிரெதிர்.

4. பெருக்கெண்: ஆப்செட்டின் இரு வளைவுகளுக்கும் எவ்வளவு இடைவெளி விட்டுக் குறியிடுவது? மூன்றாம் படிவத்தில் படித்த சைன் இங்கே உதவும். சைன் 30 பாகை = 0.5. அதன் தலைகீழ் 2. எனவே 50 மில்லிமீட்டர் தடையைத் தாண்ட, 50 × 2 = 100 மில்லிமீட்டர் இடைவெளியில் குறியிட வேண்டும்.

5. குறுக்கம்: சாய்ந்து செல்லும் அந்த 100 மில்லிமீட்டர், நேர்த்திசையில் 86.6 மில்லிமீட்டர் தூரத்தையே கடக்கிறது. மீதி 13.4 மில்லிமீட்டர் 'குறைந்துபோகிறது'. இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் குழாய் பெட்டியை எட்டாது.

சரி, எத்தனை வளைவு வேண்டுமானாலும் போடலாமா? கூடாது. ஒவ்வொரு வளைவிலும் கம்பி சுவரில் உரசுகிறது. உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், ஒரு 90 பாகை வளைவு இழுவிசையை ஏறத்தாழ 2.2 மடங்காக்கும். இரண்டு வளைவு என்றால் 4.4 அல்ல, 4.8 மடங்கு, நான்கு என்றால் 23 மடங்கு! விளைவுகள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. அவ்வளவு விசையுடன் இழுத்தால் கம்பியின் மின்காப்பு உறை உரிந்துபோகலாம். சுவருக்குள் மறைந்திருக்கும் அந்தக் காயம் பின்னாளில் மின்கசிவுக்கோ தீ விபத்துக்கோ வழிவிடும். அமெரிக்க மின் விதிமுறை, கம்பி இழுக்கும் இரு பெட்டிகளுக்கு இடையே மொத்த வளைவு 360 பாகையைத் தாண்டக்கூடாது என்பது இதனால்தான்.

நீங்களே செய்து பாருங்கள்: அதே 50 மில்லிமீட்டர் தடையை 45 பாகையில் தாண்டினால் இடைவெளி எவ்வளவு? குறுக்கம் எவ்வளவு?

விடை: இடைவெளி 70.7 மில்லிமீட்டர், குறுக்கம் 20.7 மில்லிமீட்டர். கோணம் கூடினால் இடம் மிச்சம். ஆனால் குறுக்கமும் கூடும், கம்பியை இழுப்பதும் கடினமாகும்.