உன் உடம்பு உன் பக்கம்தான்

அன்புள்ள யாழினிக்கு,

கிராஞ்சியிலிருந்து பெரியம்மா எழுதுவது.

தீபாவளித் துணி எடுக்கத் தேக்காவுக்கு வரமாட்டேன் என்று நீ சொன்னதாக உன் அம்மா சொன்னாள். மறுநாள் உன் செய்தி வந்தது. "பெரியம்மா, நான் மட்டும் ஏன் இப்படிக் குண்டா, கறுப்பா இருக்கேன்? மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டா சரியாயிடுமா?" என்று கேட்டிருந்தாய். இதற்குக் கைப்பேசியில் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வயதில் ஒருத்தி தன் உடம்போடு சண்டைக்கு நின்றால் அது பல வருஷம் இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சாப்பாட்டை விடாதே. உன் உடம்பிலும் நிறத்திலும் சரிசெய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. குறை காணும் பார்வையோடு யாரும் பிறப்பதில்லை; அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் கழற்றிவிடலாம். ஆனால் அதைத் தனியாகச் செய்வது கடினம், துணை வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது இவ்வளவுதான்.

என் வட்டாரத்திலிருந்தே தொடங்குகிறேன். கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகத்தின் பந்தயக் கதை அத்தோடு முடிந்தது. குதிரை ஓட்டிய ஜாக்கிகளின் தொழிலே தராசில்தான் இருந்தது. ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. பந்தயத்துக்கு முன்னால் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறுவார். எடை குறைந்தால் ஈயத் தகடுகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஓடி முடித்தபின் மறுபடியும் தராசு. எடை கூடிவிட்டால் அந்தச் சவாரி கையைவிட்டுப் போகும். அதற்குப் பயந்து உலகெங்கும் ஜாக்கிகள் பட்டினி கிடந்தார்கள், சௌனா அறையில் உட்கார்ந்து வேர்த்து எடையைக் குறைத்தார்கள். அவர்களிடம் எலும்பு அடர்த்திக் குறைவையும் நீர்ச்சத்து இழப்பையும் பல நாட்டு ஆய்வுகள் கண்டன. பிரிட்டனில் கோவிட் காலத்தில் மூடிய பந்தயத் திடல் சௌனாக்களை, வீரர்களின் நலன் கருதி 2021இல் நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள். எடைதான் பிழைப்பு என்றிருந்தவர்களுக்கே அது இவ்வளவு கேடு செய்தது. உன்னை யார் எந்தப் பந்தயத்துக்கு எடை போடுகிறார்கள், சொல்?

கிராஞ்சி நிலையத்திலிருந்து பேருந்து பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் வந்துவிடும். செப்டம்பர் வாக்கில் சைபீரியா போன்ற வடதிசைக் குளிர் நாடுகளிலிருந்து உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் அங்கே வந்திறங்கும். சேற்றில் புழுவும் நண்டும் கொத்தித் தின்று, திரும்பிப் போவதற்குமுன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். கரையோரப் பறவைகளில் சில இனங்கள் இந்தச் சமயத்தில் கிட்டத்தட்ட இருமடங்கு எடை கூடிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க அந்தக் கொழுப்புதான் எரிபொருள்.

உனக்கும் இது பயணத்துக்குமுன் சேர்க்கிற காலம். பூப்படைந்தபின் பெண்ணுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு கூடுவது இயற்கை. உடம்புக்குப் போதிய சக்தி கிடைக்காவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றேபோகும். வாழ்நாள் முழுவதும் தாங்கவேண்டிய எலும்பு வலுவில் பெரும்பங்கு பதின்ம வயதில்தான் சேர்கிறது. பட்டினி கிடந்தால் உடம்பு அந்தக் கட்டுமான வேலையைக் குறைத்துவிடும். நீ குண்டாவதாக நினைக்கிற பல மாற்றங்கள் நீ வளர்வதற்கான அடையாளங்கள். உன் உடம்பு உன் பக்கம் நின்று வேலை செய்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? ஒன்றை நானே கண்ணால் பார்த்தேன். 1992இல் நம் கல்வி அமைச்சு 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுப்பது அதன் வழி. இடைவேளை மணி அடித்ததும் நாங்கள் கேண்டீனுக்கு ஓடுவோம். எங்கள் வகுப்பில் ஐந்தாறு பேர் மட்டும் திடலுக்குப் போவார்கள். நாங்கள் தட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் கயிறு தாண்டுவார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்து, முகத்தை நிமிர்த்தாமல் அவசரமாகச் சாப்பிடுவார்கள். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள்படும் சொல் வரும். பிள்ளைகளுக்குக் கேலி செய்ய அது போதாதா?

திட்டம் எண்ணிக்கையில் பலன் தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1992இல் சுமார் 14 விழுக்காடாக இருந்த மாணவர் உடல்பருமன், 2006இல் 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் 2007இல் அதை நிறுத்திவிட்டு, எல்லா மாணவர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கும் முழுமையான அணுகுமுறைக்கு அமைச்சு மாறியது. பிள்ளையைத் தனியே நிறுத்தி வெட்கப்பட வைப்பது ஆரோக்கியத்துக்கு வழியாகாது என்பதுதான் எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் இன்று அம்மாக்கள், அப்பாக்கள். "இன்னொரு தோசை வேண்டாம், போதும்" என்று உன் அம்மா சொல்லும்போது, பாதி அவள் பேசுகிறாள், மீதி அந்தத் திடல் பேசுகிறது. அவள் மேல் கோபப்படாதே.

நிறத்தின் கதை இன்னும் பழையது. 1975இல் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகு கிரீம் விற்பனைக்கு வந்தது. சிவந்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாக விளம்பரம் ஓடியது. எதிர்த்துப் பேசியவர்களும் நம்மிடையே உண்டு. சென்னையில் கவிதா இம்மானுவேல் நடத்தும் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்ததும் அது நாடு முழுக்கப் பரவியது. பின்னர் டெக்சஸில் பாக்ஸ் ஜோன்ஸ் என்ற கறுப்பின மாணவி, இலங்கை வம்சாவளியினரான மிருஷா, யனுஷா யோகராஜா சகோதரிகளைப் படமெடுத்து 'அன்ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் வெளியிட்டார். உலகெங்குமிருந்து கருநிறப் பெண்கள் தங்கள் படங்களை அதே பெயரில் பகிர்ந்தார்கள். 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தயாரிக்கும் நிறுவனமே தன் கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நாற்பத்தைந்து வருஷம் விற்ற ஒரு பெயரையே மக்கள் பேசிப்பேசி மாற்ற முடிந்தது, பார்த்தாயா?

மூன்றாவது, உன் கையிலிருக்கும் திரை. ஃபிஜி நாட்டின் நாட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. நல்ல சதைப்பற்றான உடம்பை மெச்சுவது அந்த மக்களின் வழக்கம். தொலைக்காட்சி வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல், ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, நூற்றில் 74 பேர் சில வேளைகளில் தாங்கள் மிகவும் பருமனாக இருப்பதாக உணர்கிறோம் என்றார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் உடம்பு அப்படியா மாறிப்போனது? பார்வைதான் மாறியது. அன்று வீட்டில் ஒரு பெட்டி இருந்தது. இன்று உன் கைப்பேசி, முகத்தை வெளுத்துக் கன்னத்தை ஒடுக்கிக் காட்டும் ஃபில்டரோடு, படுக்கைவரை வருகிறது.

இனி, செய்ய வேண்டியவை.

தராசின் எண்ணை அதற்குரிய இடத்தில் வை. பள்ளியில் கணக்கிடும் பிஎம்ஐ, பெல்ஜிய நாட்டு அடால்ஃப் கெத்தலே 1830களில் மக்கள்தொகையின் சராசரியை ஆராயும்போது பிறந்த சூத்திரம். அதற்கு இன்றைய பெயர் 1972இல்தான் வந்தது. அது மருத்துவருக்கு ஒரு தொடக்கக் குறிப்பு. பெரியவர்களான ஆசியர்களுக்கு 23க்கு மேல் போனால் கவனம் தேவை என்கிறார்கள். உன் வயதுக்கு அந்த அளவு பொருந்தாது. வயது, பால், வளர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் தனி அட்டவணை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் கேட்போம். இணையத்தில் கணக்குப் போட்டு நீயே தீர்ப்பு எழுதாதே.

கைப்பேசியைச் சுத்தம் செய். எந்தப் பக்கத்தைப் பார்த்து முடித்ததும் கண்ணாடி முன்னால் நிற்கத் தோன்றுகிறதோ, அதைப் பின்தொடர்வதை நிறுத்து. ஓட, ஆட, சமைக்க, வரையச் சொல்லித்தருகிறவர்களைப் பின்தொடர்.

உடம்பைத் தண்டிக்க ஓடாதே; பிடித்ததைச் செய். உனக்குப் பரதம் பிடிக்கும், நீச்சல் பிடிக்கும். சனிக்கிழமை காலையில் என்னோடு சுங்கை பூலோவுக்கு நடக்க வா. எவ்வளவு கலோரி என்று நாம் எண்ணப்போவதில்லை.

சொந்தக்காரர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள். "என்னடி, இப்படிப் பெருத்துட்டே?" என்று யாராவது ஆரம்பித்தால், "நான் நல்லா இருக்கேன் அத்தை, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று பேச்சைத் திருப்பு. இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நீயும் தோழிகளிடம் உடம்பைப் பற்றிய கேலியை நிறுத்து, உன்னைப் பற்றி நீயே செய்துகொள்ளும் கேலி உட்பட. உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

உன் அண்ணனையும் கொஞ்சம் கவனி. தேசிய சேவைக்குப் போகுமுன் நெஞ்சு அகல வேண்டும் என்று புரோட்டீன் பொடியும் கண்ணாடியுமாக நிற்கிறானாம். பையன்களுக்கும் இந்த நோவு உண்டு. 'ஜி.ஐ. ஜோ' பொம்மையின் கைத்தசை தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் புடைத்துக்கொண்டே போனது என்பதை ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1999இல் அளந்தே காட்டினார். உங்கள் இருவருக்கும் ஒரே பிரச்சினைதான், அளவுதான் வேறு. அவனிடம் பேசிப் பார்.

சில அறிகுறிகள் வந்தால் காத்திருக்கக் கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிடாமல் தவிர்ப்பது, சாப்பிட்டதை மறைப்பது, சாப்பிட்டபின் குற்ற உணர்வில் உடம்பைத் தண்டிப்பது, மாதவிடாய் நிற்பது, மயக்கம், எந்நேரமும் உடம்பைப் பற்றிய நினைப்பு. இவை அடம் பிடிப்பதோ பகட்டோ ஆகாது. உண்ணுதல் கோளாறு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் போனால் குணமாவதும் எளிது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பதின்ம வயதினருக்கான பிரிவு இருக்கிறது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உண்ணுதல் கோளாறுக்கென்றே மருத்துவரும் மனநல நிபுணரும் உணவு ஆலோசகரும் சேர்ந்து சிகிச்சை தரும் குழு உண்டு.

அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பேச ஆள் வேண்டும். உன் பள்ளியிலேயே ஆலோசகர் இருக்கிறார். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்காதே. "என் உடம்பைப் பற்றி நினைச்சா எனக்குச் சாப்பிடப் பிடிக்கலை" என்று சொன்னால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். வீட்டோடு சேர்த்துத் தமிழில் பேச வேண்டுமென்றால் சிராங்கூன் சாலையை ஒட்டி, பீட்டி சாலையில் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது. குடும்ப சேவைப் பிரிவும் அங்கே உண்டு. இரவில் மனது தாங்காமல் போனால் 1771 தேசிய மனநல உதவி எண்ணை அழை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு கணம் வந்தாலும் 1767ஐ அழை, சமாரிட்டன்ஸ் அமைப்பினர் இருபத்து நான்கு மணிநேரமும் எடுப்பார்கள். என்னையும் எழுப்பு. பதினாறு வயதானதும் மனநலக் கழகம் இளையருக்காக நடத்தும் 'சாட்' சேவையும் உனக்குத் திறந்திருக்கும்.

இந்தப் பெயர்களை எல்லாம் நீ மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். திங்கட்கிழமை பள்ளி ஆலோசகரைப் பார்ப்பதென்றால் தனியாகப் போகலாம், தோழியோடும் போகலாம். மருத்துவரிடம் என்றால் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ பேசும்போது வெளியே உட்காரச் சொன்னால் உட்காருகிறேன்.

இன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிடு. பிறகு எனக்குப் பதில் எழுது. நீளமாக வேண்டாம், யாரிடம் பேசப்போகிறாய் என்ற பெயர் மட்டும் போதும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
பெரியம்மா