குழந்தைகளைப் பிரிக்காமல் ஒரு கூரை

கேள்வி: நான் பள்ளிபாளையம் பக்கம் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. நான்காம் வகுப்பு முடித்த ஒரு சிறுமி கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தேன். அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த தறிப்பட்டறையை மூடிவிட்டார்கள். பட்டறையை ஒட்டியிருந்த லைன் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முன்பணம் பாக்கி என்று சொல்லி சாமான்களில் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். இப்போது சேலத்தில் அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மா ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறார். இரவில் நான்கு வயதுப் பையனோடு நால்வரும் பேருந்து நிலையத்தில் படுக்கிறார்கள். தங்கும் விடுதி ஒன்றில் கேட்டதற்கு, ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு வேறு இடம் என்றார்களாம். குழந்தைகளை மட்டும் ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டால் படிப்பாவது நிற்காது என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். அம்மா போனில் அழுகிறார். என்ன செய்யட்டும்?
– வாசகி, பள்ளிபாளையம்

பதில்: குழந்தைகளை இல்லத்தில் சேர்ப்பதை முதல் வழியாக எடுக்காதீர்கள். அது எல்லா வழியும் அடைபட்ட பிறகு யோசிக்க வேண்டியது. நான் சொல்வதற்கு முன்பே சட்டம் இதைச் சொல்லியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு பெற்றவர்களுடையது என்றும், நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றும் தன் அடிப்படைக் கொள்கைகளிலேயே வைத்திருக்கிறது. இந்தப் பெற்றோர் குழந்தைகளைக் கைவிடவில்லை. இருவரும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களிடம் இல்லாதது வீடு மட்டும்தான். வீடு இல்லை என்பதற்காகக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தால், ஏற்கெனவே தெருவையும் சிநேகிதிகளையும் பள்ளியையும் இழந்த பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் நாமே பறித்ததாக ஆகும்.

அந்தத் தாயிடம் இதை முதலில் சொல்லுங்கள். ஏனென்றால் இப்படிப்பட்ட குடும்பங்கள் உதவி கேட்டு வராமல் இருப்பதற்கே பெரிய காரணம், “பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்” என்ற பயம்தான். பேருந்து நிலையத்தில் போலீஸ்காரரைக் கண்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிளாட்பாரத்துக்கு நகர்கிறார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நீங்களே அழையுங்கள். பெற்றோரோடு சேர்த்துத் தங்க இடம் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

இளைஞர் நீதிச் சட்டப்படி, வீடில்லாத குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்ற வரையறைக்குள் வரக்கூடியவள். அந்த வரையறை உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், இத்தகைய குழந்தை குடும்பத்தோடேயே வளர்வதற்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தர வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தால், குழந்தைகள் நலக் குழுவின் பரிசீலனைக்குப் பிறகு கிடைக்கும். கிடைத்தால் ஒரு லைன் வீட்டு வாடகையின் பெரும்பகுதிக்கு அது போதும்.

இனி தங்குமிடம். உச்ச நீதிமன்றத்தில் 2001இல் தொடங்கிய உணவுரிமை வழக்கின் தொடர்ச்சியாக, நகரங்களில் வீடற்றோருக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் விடுதிகள் வேண்டும் என்று 2010இல் உத்தரவுகள் வந்தன. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது: ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு விடுதி, 24 மணி நேரமும். சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படியானால் எட்டு விடுதிகள். ஆண்களுக்கு, பெண்களுக்கு என்பதோடு குடும்பங்களுக்கென்றே தனி விடுதியும் அமைக்கலாம் என்று அந்த இயக்கத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. குழந்தைகளுக்காக அருகிலுள்ள அங்கன்வாடியோடும் பள்ளியோடும் விடுதியை இணைக்க வேண்டும், அடையாள அட்டை வாங்க உதவ வேண்டும் என்பதும் அதில் உண்டு.

ஆனால் நடைமுறையில் குடும்பத்தைத்தான் மறந்துவிடுகிறோம். தனியாக வந்த ஆணுக்கோ முதியவருக்கோ பாய் போட்டுக் கொடுப்பது சுலபம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று வந்தால் தடுப்புச் சுவர் வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும், பையனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்க அடுப்பு வேண்டும். இதையெல்லாம் விட முக்கியம், அலுவலகங்களுக்கு உடன் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். கூரை மட்டும் கொடுத்தால் ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பம் அதே பேருந்து நிலையத்தில் இருக்கும். தாய் ஹோட்டல் வேலைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போகும். கூலி போனால் அன்றைய சாப்பாடு போகும். அவர் எப்படி நான்கு அலுவலகம் ஏறி இறங்குவார்? அந்த அலைச்சலைச் சுமக்கும் பணியாளர் இல்லாத விடுதி, குடும்பங்களைப் பொறுத்தவரை பாதி விடுதிதான்.

தற்காலிகம் என்பதற்கு ஒரு முடிவு தேதியும் வேண்டும். இங்கிலாந்தில், குழந்தைகள் உள்ள வீடற்ற குடும்பத்தை வாடகை விடுதி அறையில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2003இலேயே ஆணை போட்டார்கள். நம் பக்கத்திலோ, இலங்கைத் தமிழருக்காகத் தற்காலிகமாக எழுப்பிய முகாம் அறைகளில் இரண்டு தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. 2021இல்தான் அந்த முகாம்களில் 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. குடும்ப விடுதியில் சேர்க்கும் நாளிலேயே, எப்போது எந்த வாடகை வீட்டுக்குப் போவார்கள் என்ற பேச்சும் தொடங்க வேண்டும். நம் ஊரில் அதற்குத் தடை மாத வாடகையை விட அட்வான்ஸ்தான். மாதம் சம்பாதித்து வாடகை கட்டிவிடுவார்கள். மொத்தமாக அட்வான்ஸ் புரட்ட முடியாது. உங்கள் ஊர் நல்ல மனிதர்கள் உதவ நினைத்தால், போர்வையும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுப்பதை விட அந்த அட்வான்ஸைப் போட்டுக் கொடுக்கட்டும்.

முன்பணப் பாக்கியைச் சொல்லிச் சாமான்களைப் பிடித்து வைத்திருப்பதைச் சும்மா விடக் கூடாது. அந்தக் கடனைக் காட்டி அவர்களை வேறு வேலைக்குப் போக விடாமல் கட்டிப் போட்டிருந்தால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரலாம். அப்படி உறுதியானால் கடனே செல்லாது. மறுவாழ்வு உதவியும் உண்டு. பள்ளிபாளையத்துக்குப் பொறுப்பான திருச்செங்கோடு கோட்டாட்சியரிடம் எழுத்துமூலம் மனு கொடுக்கச் செய்யுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

குடும்ப அட்டை பள்ளிபாளையம் முகவரியில் இருந்தாலும் கவலை வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம்.

வேறு காரணத்தால் வீடிழந்த வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை: வீட்டில் அடி உதை தாங்காமல் பிள்ளைகளோடு வெளியேறியவர்கள் 181ஐ அழைக்கலாம். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பெண் குழந்தைகளோடும் சிறு வயதுப் பையன்களோடும் ஐந்து நாள் வரை தங்க முடியும்.

உங்கள் கையிலேயே இருக்கும் வேலை ஒன்று உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ சொல்லி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் உள்ள அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் இன்றே பேசுங்கள். எமிஸ் எனும் மாணவர் தகவல் தளத்தில் சிறுமியின் பதிவை உங்கள் பள்ளியிலிருந்து விடுவித்துக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்பில் சேர்ந்துவிட்டால் காலை உணவும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கும். தம்பியை அருகிலுள்ள அங்கன்வாடியில் விடலாம். சேர்த்த பிறகு, மாநகராட்சி ஆணையருக்குக் குடும்ப விடுதி கேட்டு ஒரு மனு எழுதுங்கள். இந்தக் குடும்பத்துக்காக மட்டும் கேட்காதீர்கள். அந்த எட்டு விடுதிகளில் ஒன்றாவது குடும்பங்களுக்கு வேண்டும் என்று கேளுங்கள். மனுவில் உங்கள் சக ஆசிரியர்களின் கையெழுத்தும் இருக்கட்டும்.