தொடரியல் படிப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தொடரியல் என்பது மொழியியலில் வாக்கிய அமைப்பை ஆராயும் பிரிவு. பிழையின்றி எழுதக் கற்றுத்தரும் படிப்பு என்றே பலரும் இதை எண்ணுகிறார்கள். வல்லினம் மிகுமா, மிகாதா என்பதெல்லாம் இதன் கவலை அல்ல. பேசுவோர் எந்தத் தொடரை ஏற்கிறார்கள், எதை மறுக்கிறார்கள், ஏன் என்பதே கேள்வி. ஏற்கப்படாத தொடருக்கு முன்னால் இடும் உடுக்குறி (*) ஆசிரியரின் சிவப்பு மை அன்று. அம்மொழியினர் அப்படிச் சொல்வதில்லை என்ற தகவல்.

பேச்சுத் தமிழுக்கு இலக்கணமே கிடையாது என்பது இதைவிட ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. 'நான் வந்தேன், அவங்க வந்தாங்க' என்று இடத்துக்கேற்ப மாறும் வினை, எதிர்மறையில் 'நான் வரல, அவங்க வரல' என்று ஒரே வடிவில் நிற்கிறது. 'நான் வரலேன்' என்று எவரும் சொல்வதில்லை. பள்ளியில் யாரும் கற்பிக்காத விதி இது.

தமிழில் சொற்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்பது பாதி உண்மை. வேற்றுமை உருபு ஏற்ற பெயர்கள் தாராளமாக இடம் மாறும். ஆனால் 'மாலா நேற்று வாங்கிய புத்தகத்தைப் படித்தாள்' என்பதை 'மாலா வாங்கிய புத்தகத்தை நேற்று படித்தாள்' என்று மாற்றினால், வாங்கிய நாள் படித்த நாளாகிவிடுகிறது. பெயரெச்சத் தொடர் தனக்குள் இருப்பதை எளிதில் வெளியே விடாது. 'நேற்று வந்த பையனின் அண்ணன்' என்பதில் சொற்கள் இடம் மாறாமலே பொருள் இரண்டாகிறது: வந்தவன் பையனா, அண்ணனா? எந்தச் சொல் எதனோடு முதலில் சேர்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வகுப்பில் வரையும் கிளைப்படம் அதைக் கண்ணுக்குக் காட்டவே, அலங்காரத்துக்கு அல்ல.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் தெரிந்தால் போதும் என்பாரைத் தடுமாறவைக்க 'கமலாவுக்குத் தன் மகனைப் பிடிக்கும்' என்ற ஒரு தொடரே போதும். 'கமலாவுக்கு' நான்காம் வேற்றுமை. கமலாவின் இடத்தில் யார் வந்தாலும் 'பிடிக்கும்' மாறாது; ஆகவே அது எழுவாய் அல்ல எனலாம். ஆனால் 'தன்' பொதுவாக எழுவாயையே சுட்டும்; இங்கோ கமலாவைச் சுட்டுகிறது. ஒரு சோதனையில் தோற்று, மற்றொன்றில் வெல்லும் இத்தகைய பெயரை என்னவென்று அழைப்பது? தொடரியல் வகுப்பின் உயிர் இத்தகைய வாதங்களில்தான் இருக்கிறது. மனப்பாடத்துக்கு அங்கே வேலை குறைவு.

இது மேலைநாட்டு இறக்குமதி என்ற எண்ணமும் முழுச்சரியன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் தொடருக்கென்று தனி இயல் இல்லை. எனினும் கிளவியாக்கம் பேசும் திணை, பால் இயைபும், வேற்றுமையியல் பேசும் உருபுகளும் தொடர் பற்றிய செய்திகளே. 1957-இல் வெளிவந்த, மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் நூலுக்குப் பின் கேள்விகள் கூர்மையடைந்தன, முறைகள் மாறின. ச. அகத்தியலிங்கம் 1967-லேயே சாம்ஸ்கியின் நெறியில் தமிழை ஆராய்ந்து நூல் எழுதினார்.

பல மொழிகள் தெரிந்தவர்களுக்கே இப்படிப்பு ஏற்றது என்பதும் தவறு. ஒரு மொழியை நன்கறிந்தவர் அதிலேயே தொடங்கலாம். தமிழில் தொடங்குவோருக்கு எழுத்து நடைக்குத் தாமஸ் லேமனின் 1989-ஆம் ஆண்டு இலக்கணமும், பேச்சு நடைக்கு ஹெரால்ட் ஷிஃப்மனின் 1999-ஆம் ஆண்டு இலக்கணமும் கைகொடுக்கும். இரண்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.