பக்கவாட்டில் பார்க்க வேண்டிய ஊர்

அன்புள்ள கயல்,

லண்டனைப் பற்றிக் கேட்காமல் "இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் எப்படி இருக்கும் அத்தை?" என்று கேட்டாய் பார், அதற்காகவே உனக்கு நீளமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். லண்டனைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பொதுவாக ஒரு சின்ன ஊர் என்று எதையும் சொல்லிவிட முடியாது. நிலக்கரியால் வளர்ந்த ஊர் ஒரு மாதிரி, மீன்பிடித் துறைமுகம் வேறு மாதிரி, பஞ்சாலைகள் எழுந்த வடக்கத்தி ஊர் முற்றிலும் வேறு. அதனால் எனக்குப் பிடித்த ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். பெயர் லட்லோ. ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தெற்குக் கோடியில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுமார் பத்தாயிரம் பேர் வாழ்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் இது மிகச் சின்ன ஊர். ஆனால் கோட்டை, மதில், சந்தை, நீதிமன்றம் எல்லாம் பார்த்த நகரம் அது.

முதலில் நிலத்தைப் பார். டீம் என்ற ஆறு மேற்கிலும் தெற்கிலும் வளைந்து ஓடுகிறது. வடக்கே கோர்வ் என்ற சிற்றாறு வந்து அதில் சேர்கிறது. நடுவில் மேடு. மூன்று பக்கம் தண்ணீர், ஆற்றைப் பார்த்த பக்கம் செங்குத்தான பாறை. படை வைத்திருப்பவன் கண்ணில் இப்படி ஓர் இடம் பட்டால் விடுவானா? 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் வேல்ஸ் எல்லை நெடுகக் கோட்டைகளைக் கட்டிக்கொண்டே போனார்கள். அப்படி 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி என்ற குடும்பம் இந்தப் பாறைமேல் ஒரு கோட்டையை எழுப்பியது. ஊர் அதற்குப் பிறகு வந்ததுதான். தானாக வளர்ந்த ஊர் என்று நினைக்காதே, திட்டம் போட்டுப் பிரித்த மனை அது. கோட்டை வாசலிலிருந்து அகலமான சந்தைத் தெரு, அதிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் நேர்த்தெருக்கள், ஒவ்வொரு தெருவிலும் முன்பக்கம் குறுகி, பின்பக்கம் நீண்டு போகும் மனைகள். தெருவைப் பார்த்த இடத்துக்குத்தான் மதிப்பு. அதனால் எல்லோருக்கும் கொஞ்சம் முகப்பு, மிச்சமெல்லாம் கொல்லை. அந்த மனைக்கோடுகள் பல இடங்களில் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. 1233 முதல் மதில் கட்ட வரி வசூலிக்க அரசர் அனுமதி கொடுத்தார். அந்த மதிலின் வாசல்களில் ஒன்றான பிராட் கேட் வழியாக இன்றும் கார் போகிறது. வாசலுக்கு மேலேயே ஒரு வீடு!

ஊருக்குச் சோறு போட்டது ஆடு. இந்த எல்லைப்பகுதிக் கம்பளிக்கு ஐரோப்பாவில் நல்ல விலை கிடைத்தது. லட்லோவின் லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி, ஊருக்குச் சில மைல் வடமேற்கே ஸ்டோக்ஸே என்ற இடத்தில் வீடு கட்டி, அதற்குக் கோட்டை மாதிரிக் கொத்தளம் வைத்துக்கொள்ள 1291இல் அரசரிடம் அனுமதி வாங்கினான். மூன்றே வருடத்தில் கம்பளி ஏற்றிப்போன கப்பல் கவிழ்ந்து செத்தும் போனான். வீடு இன்னும் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் அது கோட்டையே அல்ல, பணக்காரனின் ஆசை என்று தெரிந்துவிடும். அவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தவன் சண்டைக்குத் தயாராக இருந்திருக்க முடியாது.

அரசகுலச் சமாச்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பாடப்புத்தகத்தில் படித்துக்கொள்வாய். நான்காம் எட்வர்டின் மகன் சிறுவனாக இங்கே வளர்ந்தான். 1483இல் அப்பா இறந்ததும் பன்னிரண்டு வயதில் ராஜாவாக லண்டனுக்குப் புறப்பட்டான். அங்கே லண்டன் டவர் கோட்டையில் தம்பியோடு காணாமல் போனான். 1502இல் பட்டத்து இளவரசன் ஆர்தர் பதினைந்து வயதில் இதே கோட்டையில் இறந்தான். அவன் மனைவி கேத்தரினைத்தான் தம்பி எட்டாம் ஹென்றி கட்டிக்கொண்டான். பிறகு அவளைத் தள்ளிவைக்கப் போய், போப்போடு சண்டை பிடித்து, ஒரு தேசத்தின் மதத்தையே மாற்றினான். லட்லோவில் வந்த ஒரு காய்ச்சல் அவ்வளவு தூரம் போயிற்று.

இந்த ஊருக்கு ராஜாக்களைவிட முக்கியமானவர்கள் வக்கீல்கள். வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் ஆண்ட ஒரு நிர்வாக சபை கோட்டையிலிருந்துதான் நடந்தது. அதுவே நீதிமன்றமும்கூட. வழக்கு நடக்கும் ஊரில் தங்க இடம், சாப்பாட்டுக் கடை, எழுதிக் கொடுப்பவர் எல்லாம் பெருகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். இன்று காலண்டர் படங்களில் வரும் ஃபெதர்ஸ் ஹோட்டல், 1619இல் ரீஸ் ஜோன்ஸ் என்ற வக்கீல் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. கறுப்பு மரச்சட்டம், இடையில் வெள்ளைப் பூச்சு, ஒரு இடம் விடாமல் செதுக்கல். கட்சிக்காரர்களின் காசு எங்கே போயிற்று என்று அந்த முகப்பைப் பார்த்தாலே புரியும்.

1689இல் அந்த சபையைக் கலைத்துவிட்டார்கள். ஊர் படுத்துவிட்டது. கோட்டைக் கூரையின் ஈயத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், மழை உள்ளே இறங்கியது.

இனிமேல்தான் நீ கவனிக்க வேண்டியது. பிராட் ஸ்ட்ரீட்டில் நின்றால் இரண்டு பக்கமும் சிவப்புச் செங்கல் வீடுகள், ஒரே அளவு ஜன்னல்கள், நேர்கோட்டில். 18ஆம் நூற்றாண்டு என்று முகப்பு சொல்லும். நம்பாதே. சந்து ஏதாவது திறந்திருந்தால் இரண்டடி உள்ளே போய்ப் பக்கவாட்டில் பார். பல வீடுகளில் பழைய மரச்சட்டம், கொஞ்சம் கோணலாக, செங்கல் முகத்துக்குப் பின்னால் அப்படியே நின்றுகொண்டிருக்கும். கூரை செங்கல் வீட்டுக்குப் பொருந்தாத அளவு செங்குத்தாக இருக்கும். காரணம் எளிமையானது. நேர்த்தியான செங்கல் வீடு ஃபேஷன் ஆனபோது, சுற்றுப்பக்கத்துப் பெரிய மனிதர்கள் இங்கே குளிர்காலத்தில் வந்து தங்கி, விருந்தும் நடனமுமாக இருந்தார்கள். முகப்பு மாற்றக் காசு இருந்தது, வீட்டையே இடித்துக் கட்ட இல்லை. கல்யாணத்துக்குத் தெருப்பக்கம் மட்டும் வெள்ளையடிக்கிற வீடுகளை நீயும் பார்த்திருப்பாய்.

அதற்குப் பிறகும் காசு வரவில்லை. கையுறை தைக்கும் தொழில் கொஞ்ச காலம் கை கொடுத்தது. 1826இல் பிரெஞ்சுக் கையுறை இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அதுவும் சரிந்தது. பெரிய ஆலை வரவில்லை. 1852இல் ரயில் வந்தது, வந்து நின்று, மனிதர்களை ஏற்றிக்கொண்டு வெளியே போயிற்று. இங்கிலாந்தில் செழித்த ஊர்களெல்லாம் பழைய வீடுகளை இடித்துக் கட்டிக்கொண்டபோது இடிக்க வக்கில்லாமல் நின்ற ஊர் லட்லோ. இன்று அதைப் பார்த்துவிட்டு "எவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்!" என்று பயணிகள் வியப்பார்கள். அக்கறை பின்னால் வந்தது. முதலில் காப்பாற்றியது கையில் காசில்லாமைதான் என்பது என் கட்சி.

ஊரின் நடுவில் புனித லாரன்ஸ் தேவாலயம். பாளையங்கோட்டையில் நீ பார்த்த ஊசிக்கோபுரம் மாதிரி இல்லை, சதுரமாக ஓங்கி நிற்கும் கோபுரம். உள்ளே பாடகர் வரிசையில் மடக்கு இருக்கைகள் உண்டு. அந்தக் காலத்தில் மணிக்கணக்காக நின்றபடி ஜெபம். வயதானவர்கள் பாவம் என்று, இருக்கையை மடக்கினால் அடியில் ஒரு சின்ன விளிம்பு வரும்படி செய்திருக்கிறார்கள். நிற்பதுபோல் நின்றுகொண்டே அதில் ஒட்டி உட்காரலாம். அந்த விளிம்புக்குக் கீழே 15ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் செதுக்கிய உருவங்கள், மொத்தம் 28. ஒன்றில், அளவில் ஏமாற்றிய கள்ளுக்கடைக்காரியைப் பேய் தோளில் தலைகீழாகப் போட்டுத் தூக்கிப் போகிறது. கையில் அந்த அளவுக் குவளையை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறாள்! ஒரு பேய் அவள் பாவப் பட்டியலைப் படிக்கிறது, இன்னொன்று பைக்குழல் ஊதுகிறது, ஓரத்தில் நரகம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. குருமார் உட்காரும் இடத்துக்கு அடியில் இப்படி ஒரு கேலி. சந்தை ஊரில் எது பெரிய பாவம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இப்போது கோட்டைக்குத் திரும்புவோம், உனக்காகவே ஒரு சங்கதி வைத்திருக்கிறேன். கோட்டை இன்று யாருடையது தெரியுமா? அரசாங்கத்துடையது இல்லை. போவிஸ் பிரபு குடும்பத்துடையது. 1811இல் அரசரிடமிருந்து அதை விலைக்கு வாங்கியவர் எட்வர்ட் கிளைவ். ஆற்காட்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்த ராபர்ட் கிளைவின் மகன். இருபது வருடம் லட்லோவின் எம்.பி.யாக இருந்தவர். பிறகு 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். அந்த ஆண்டுகளைத் திருநெல்வேலிக்காரி நீ நினைவில் வைத்திருப்பாய். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில். சென்னையில் ராஜாஜி ஹால் இருக்கிறதே, ஜெயலலிதா, கருணாநிதி உடல்களை அஞ்சலிக்கு வைத்திருந்த, பெரிய படிக்கட்டு உள்ள அந்தக் கட்டடம், அதுவும் இவர் காலத்தில் 1802இல் எழுந்ததுதான். பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் ஜெயித்ததைக் கொண்டாட விருந்து மண்டபமாகக் கட்டினார்கள்.

ஊர் திரும்பியதும் கிளைவுக்கு மனைவி வழியில் போவிஸ் பிரபு பட்டம் வந்தது, கோட்டையையும் வாங்கிக்கொண்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கிய அரசாங்கத்துக்குத் தலைமை தாங்கியவர், தன் பழைய தொகுதியில் இடிந்து கிடந்த ஒரு கோட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. லட்லோவில் நிற்கிற ஒரு ஆங்கிலேயப் பையனுக்கு அந்தக் கோட்டை ஆர்தரையும் கேத்தரினையும் நினைவுபடுத்தும். உனக்கு இன்னொரு வழியும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டையைவிடப் பழையது ஒன்று ஊரின் தென்கோடியில், லட்ஃபோர்ட் பாலத்தைத் தாண்டிய முக்கில் இருக்கிறது. சாலையோரப் பாறை. அதில் மெல்லிய பழுப்பு அடுக்கு ஒன்று ஓடும், முழுக்க ஆதிகால மீன்களின் செதில், முள், எலும்புத் துணுக்குகள். 42 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வெதுவெதுப்பான கடலுக்கடியில் கிடந்தது. முர்ச்சிசன் என்ற நிலவியலாளர் இந்தப் பக்கத்துப் பாறைகளைப் பார்த்துத்தான் 1839இல் சிலூரியன் காலம் பற்றிய பெரிய புத்தகத்தை வெளியிட்டார். இன்று உலகத்தில் எந்த நாட்டு நிலவியல் மாணவர் படித்தாலும் அந்தக் காலத்தின் ஒரு பகுதிக்கு "லட்லோ" என்றே பெயர். பாறையைச் சுரண்டக் கூடாது, பார்க்கலாம், அவ்வளவே.

இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். கோட்டை வாசலில் திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை கூடுகிறது. ரொட்டி, பாலாடைக்கட்டி, செடிகள், பழைய பித்தளைச் சாமான். 1995இல் தொடங்கிய உணவுத் திருவிழாவால் ஊருக்குச் சாப்பாட்டுப் பெயர் வந்தது. சூப்பர்மார்க்கெட் வரலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் வந்துவிட்டது, கூரையைச் சுற்றிலும் உள்ள குன்றுகளின் வளைவுக்கு ஏற்றாற்போல் வளைத்துக் கட்டினார்கள். இதுவும் ஒரு முகப்புதான், பார்த்தாயா! அழகைப் பார்த்து ஓய்வுபெற்றவர்கள் வந்து வீடு வாங்குகிறார்கள், விலை ஏறுகிறது. கடையில் தட்டு எடுக்கிற பிள்ளைக்கு அந்தத் தெருவில் வாடகை கட்டுப்படியாகாது. மேல்படிப்புக்கு வெளியூர் போகிறவர்களில் எல்லோரும் திரும்புவதில்லை. சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பஸ் அபூர்வம். காலண்டர் படத்தில் இதெல்லாம் வராது.

நீ வரும்போது பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி போய் ரயில் மாற வேண்டும். இறங்கியதும் தெருவுக்குள் ஓடாதே. டினம் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் விட்கிளிஃப் மேட்டில் ஏறு. அங்கிருந்து கோட்டை, கோபுரம், தடுப்பணைகளில் நுரைத்து விழும் ஆறு, பின்னால் க்ளீ குன்றுகள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். ஏன் இங்கே ஊர் என்பதை அந்த மேடே சொல்லிவிடும். மூடிய ஷூ கொண்டுவா, ஜூலையிலும் புல் ஈரமாகத்தான் இருக்கும்.

சைவம் கிடைக்குமா என்று உன் அம்மா தனியாகக் கேட்டிருந்தாள். தாராளமாகக் கிடைக்கும். ஊரே சாசேஜுக்குப் பேர் போனதுதான், ஆனாலும் சந்தை ரொட்டியும் சீஸும் ஆப்பிளும் போதும், பசியாறிவிடலாம். ஊறுகாய் மட்டும் கொடுத்துவிடச் சொல், அது எனக்கு.

அன்புடன்,
அத்தை